அண்ணன் பேரில் ஒரு குழாய் ரத்தம்

ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்க நாலு பேர் கை வைத்த நேரத்தில்தான் சிவபிரகாஷ் வந்த கார் வாழைத்தோப்பு வளைவில் திரும்பியது. "இருங்க, இருங்க, பையன் வந்தாச்சு" என்று பந்தலே எழுந்து நின்றது. மூடியை மறுபடி இறக்கினார்கள். குணசீலன் மட்டும் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பெட்டிக்குள் அவனுடைய அண்ணன் கருப்பண்ணன் நேற்று விடியற்காலையிலிருந்து படுத்திருந்தான். ஐம்பத்து நாலு வருசத்தில் யாரையும் கிண்டல் செய்யாமல் அவன் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை.

காரிலிருந்து இறங்கிய பையனைப் பார்த்ததும் பெண்கள் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அது செத்தவனுக்காக அல்ல. "அடக் கடவுளே, என்ன இப்பிடி ஒணந்து கெடக்கறான்!" என்றாள் ஒருத்தி. எட்டு மாதமாக ராய்ச்சூர்ப் பக்கம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன். போகும்போது சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. இப்போது அதே சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். இருபத்தேழு வயசு. கையில் பாதி குடித்த ஆரஞ்சு கூல்டிரிங்ஸ் பாட்டில். அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பெட்டியின் மேல் விழுந்து, "அப்பா, அப்பா" என்று கண்ணாடியை அடித்தான். தலையைத் தூக்கியதும் முதலில் கேட்டது தண்ணீர்தான். ஒரு சொம்பை மூச்சு விடாமல் குடித்தான். இன்னொன்று கேட்டான்.

குணசீலன் அந்தச் சொம்பையே பார்த்தான். அவனுடைய அப்பாவும் கடைசி வருசம் இப்படித்தான் தண்ணீர் குடித்தார்.

"பாரு சாமி, உங்கப்பனப் பாரு" என்று சௌந்திரம் மகனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் சொருகியிருந்த ஒரு தாளை எடுத்தாள். லேமினேஷன் செய்த தாள். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் நேற்றிலிருந்து அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். "பத்து மாசத்துக்கு முன்னால ரத்தம் எடுத்துப் பாத்து எழுதிக் குடுத்தாங்களே சாமி! சக்கரை இல்ல, கொழுப்பு இல்ல, ஒண்ணுமே இல்லைன்னு. நல்லா இருந்த மனுசன் எப்பிடிச் சாமி போனாரு? எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!"

தாள் வெயிலில் பளபளத்தது. குணசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதில் இருந்த பெயர் அண்ணனுடையது. சோதித்த ரத்தம் அவனுடையது. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் பெட்டிக்குள் இருந்தான்.

போன வருசம் சித்திரையில் பரமத்தி வேலூர் சுற்றுவட்டாரத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். குண்டாகக்கூட இல்லாதவர்களுக்குச் சின்ன வயசிலேயே சர்க்கரை ஏன் வருகிறது, அது இதயத்தை ஏன் சத்தமில்லாமல் அரிக்கிறது, ஒரே வம்சத்தில் அப்பனிலிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று பார்க்கிறார்களாம். வீடு வீடாக வந்தவள் கோகிலவாணி. கூடத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் வம்சத்தையே வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். சர்க்கரை இருந்தால் கறுப்பு அடிப்பாள். செத்துப்போயிருந்தால் குறுக்கே ஒரு கோடு. தாத்தா நாற்பத்தெட்டு வயசில் வரப்பில் விழுந்தார். அப்பா ஐம்பதில், வெற்றிலைக் கொடிக்காலில். அத்தை ஒருத்தி நாற்பத்தொன்றில், கல்யாணப் பந்தியில். எல்லாம் திடீர் திடீரென்று போனவர்கள். கறுப்பும் கோடுமாகத் தாள் நிறைந்ததும் கோகிலவாணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒருத்தர் விடாம ரத்தம் குடுங்க சார். முன்னாலயே புடிச்சா மாத்திரையில ஓட்டிரலாம். விட்டுட்டா நெஞ்சு வலியே தெரியாம அட்டாக் வந்துரும்" என்றாள். அன்றிலிருந்து சௌந்திரம் புருசனை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ரத்தம் கொடுக்காமல் லாரி ஏறினால் ஆத்தா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஒரே பிடி.

கருப்பண்ணன் நாமக்கல்லில் லைன் லாரி டிரைவர். வடக்கே போனால் இருபது நாள். சர்க்கரை என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் ஓனர் இனிமேல் லைனுக்கு அனுப்பமாட்டார் என்பது அவன் பயம். ரத்தம் எடுக்கும் முகாமின் கடைசி நாள், வெறும் வயிற்றோடு போக வேண்டியவன், டீயும் ரெண்டு பன்னும் தின்றுவிட்டுக் கொடிக்காலுக்கு வந்தான். குணசீலன் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான். அவன் முந்தின நாளே தன் ரத்தத்தைக் கொடுத்து முடித்திருந்தான்.

"டேய் குணா, இன்னிக்குப் பக்கத்தூர்லயாமா. ரத்தம் எடுக்கறதும் வேற ஆளாமா. என்ற ஆதார் கார்டக் கொண்டுபோயி நீயே குடுத்துட்டு வந்துரு."

"நல்லா இருக்குது போ. என்ற ரத்தத்த உன்ற பேர்லயா?"

"உன்னுது என்னுது என்னடா? ஒரே ஆத்தா வவுத்துல பொறந்ததுதான? எல்லாம் ஒரே ரத்தந்தான். உங்கண்ணி தொல்ல தாங்கல சாமி, போயிட்டு வா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அண்ணன் சிரித்துக் கேட்டால் முடியாது என்று சொல்லக் குணசீலனுக்கு என்றைக்குமே வந்ததில்லை. போனான். இடது கையில் முந்தின நாள் குத்தின இடம் சிவந்திருந்தது; வலது கையை நீட்டினான். பெயர் கேட்டதற்குக் கருப்பண்ணன் என்றான். ஒரு மாதம் கழித்து இரண்டு தாள் வந்தன. இரண்டிலும் எல்லாம் சுத்தம். சௌந்திரம் அன்றைக்கே பரமத்தி வேலூர் போய்ப் புருசன் தாளை லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தாள். முந்திரி போட்டுக் கேசரி கிண்டினாள். அண்ணன் ரெண்டு தட்டு தின்றுவிட்டுத் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்பனுக்கே இல்லை என்றானதும், முகாமன்று ஊரில் இல்லாத சிவபிரகாஷுக்குத் தனியாக ரத்தம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எட்டு நாளைக்கு முன்னால் கோகிலவாணி ஃபோன் செய்தாள். "சார், உங்க சாம்பிளும் உங்கண்ணன் சாம்பிளும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்குதுன்னு லேப்ல சொல்றாங்க. கூடப்பொறந்தவங்கன்னா பாதிக்குப் பாதிதான் ஒத்துப்போகும். ரெட்டப் பொறப்பா இருந்தாத்தான் இப்படி வரும். நீங்க ரெட்டையா சார்?"

குணசீலன் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். "நீங்கதான் குழாயில பேர மாத்தி ஒட்டியிருப்பீங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"அப்படித்தான் மேலயும் கேட்டு எனக்கு லெட்டர் குடுத்திருக்காங்க சார். நான் ஒவ்வொண்ணும் பாத்துத்தான் ஒட்டினேன். எதுக்கும் அண்ணன் வந்ததும் வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் லாரியை விட்டு இறங்கினான். குணசீலன் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். "ரெண்டு நாள் தூங்கறன் உடு, அப்பறம் போலாம்" என்றான் அவன். புதன்கிழமை சாயங்காலம் தாடை வலிக்கிறது, ஏப்பம் வரமாட்டேன் என்கிறது என்று சோடா வாங்கிக் குடித்தான். நெஞ்சு வலிக்கவே இல்லை. சட்டை தொப்பலாக நனைந்தது. மாசி மாசத்திலேயே இப்படிப் புழுங்குகிறதே என்று பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று சௌந்திரம் கேட்டதற்கு, "அதான் ரிப்போர்ட்ட பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறயே, அப்பறம் என்னத்துக்கு டாக்டரு?" என்று கேலி செய்தான். அவளும் அந்தத் தாளை நம்பி, இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தாள்.

குணசீலன் அப்போது அதே கூடத்தில்தான் நின்றான். 'எந்திரிண்ணா, பாத்துட்டே வந்துரலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று அண்ணி கேட்பாள். வாயை மூடிக்கொண்டான், பாவி. வியாழக்கிழமை விடிந்தபோது அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"நேரமாவுது, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கோணும்" என்று சின்னண்ணன் குரல் கொடுத்தார். பேர்தான் அப்படி; பங்காளிகளில் மூத்தவர், எழுபது வயசு. எழவு வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். சிவபிரகாஷின் சட்டையைக் கழற்றி, முடி இறக்கி, வாசலில் பலகை போட்டு உட்காரவைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு எழுந்தவன் இரண்டு அடி வைத்தான். கொள்ளிச்சட்டியை வாங்க நீட்டின கை சட்டிக்கு ஒரு சாண் தள்ளி வெறுங்காற்றைப் பிடித்தது. அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

தாங்கிப் பிடித்த சின்னண்ணன் மூக்கைச் சுளித்தார். "என்னடா இது, பழம் அழுகினாப்பல வாட வருது? அப்பன் எழவுக்குக் குடிச்சுப்போட்டா வந்திருக்கற?"

"இல்லீங் அப்பாரு..." என்றான் சிவபிரகாஷ். அதற்கு மேல் பேச்சு குழறியது. மைல் கணக்கில் ஓடி வந்தவனைப் போல மூச்சு பெரிசு பெரிசாக வாங்கியது.

குழறலைக் கேட்டதும் ஊர் முடிவு கட்டிவிட்டது. ரிக் வண்டிக்குப் போகிற பையன்கள் எல்லாரும் இப்படித்தான் என்றார் ஒருவர். வழியிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பான் என்றார் இன்னொருவர். சௌந்திரம் சீறிக்கொண்டு எழுந்தாள்.

"என்ற மகன் அதையெல்லாம் தொடமாட்டான்! நேத்திருந்து வவுத்துல ஒண்ணுமில்லாம வந்திருக்கறான், மயக்கம். சக்கர நெறையாப் போட்டுத் தண்ணி கரைச்சுக் கொண்டாங்க, வெசையா!"

யாரோ சொம்பில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கினார்கள். கரண்டி சொம்பில் மோதுகிற சத்தம் குணசீலனின் மண்டைக்குள் அடித்தது. கோகிலவாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலையிலேயே மாலையோடு வந்து, பெண்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தவள் அவள். பையன் முகத்தருகே குனிந்து முகர்ந்தாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். உலர்ந்து வெடித்திருந்தது.

"இது சாராய வாசம் இல்லீங்க. அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க. இவருக்குச் சக்கரை இருக்குதுங்களா?"

"ஏம்மா, இவங்கப்பனுக்கே இல்ல, இவனுக்கு எங்கிருந்து வரும்?" சௌந்திரம் தாளை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "உங்காளுங்க குடுத்ததுதான இது? படிச்சுப் பாரு!"

கோகிலவாணி தாளைப் படிக்கவில்லை. குணசீலனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சுரும். மிசின் பையிலயே இருக்குது" என்றாள் மெதுவாக.

"நீரூத்துன ஒடம்புல ஊசி குத்தறதா?" சின்னண்ணன் குறுக்கே கையை நீட்டினார். "பொணத்த வெச்சுக்கிட்டு, கொள்ளி வெக்கற பையங்கிட்ட ரத்தம் எடுக்கறதா? எந்த ஊரு நாயம் இது? காரியம் முடியட்டும், நாளைக்கு எடுத்துக்க அம்மிணி. அந்தத் தண்ணியக் குடுங்கப்பா, தெம்பு வந்துரும்."

சொம்பு கை மாறி வந்தது. குணசீலனுக்கு எல்லாம் கண்முன் ஓடியது. சொன்னால் அண்ணனைக் கொன்றவன் இவன்தான் என்று ஊர் சொல்லும். அண்ணி இந்த ஜென்மத்தில் தன் முகத்தைப் பார்க்கமாட்டாள். சொல்லாவிட்டால், ஆற்றங்கரை போய் எரித்துத் திரும்ப மூன்று மணி நேரம். அதற்குள் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சிவபிரகாஷ் ஆசை ஆசையாக இரண்டு கையையும் சொம்புக்கு நீட்டினான்.

குணசீலன் பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டான். சர்க்கரைத் தண்ணீர் ஐஸ் பெட்டிக்கு அடியில் போய் ஓடியது.

"அது அண்ணனோட ரத்தமே இல்லீங்!"

வாசலில் அடித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது. சௌந்திரத்தின் கை தாளோடு அப்படியே நின்றது. "என்ன சொல்றீங்க தம்பி?"

"அந்தத் தாள்ல இருக்கறது என்ற ரத்தம் அண்ணி. அண்ணன் அன்னிக்குப் போவவே இல்ல. என்னையப் போகச் சொன்னாரு. நானும் போயி அவரு பேரச் சொல்லிக் கைய நீட்டிட்டு வந்துட்டேன். அண்ணனுக்குச் சக்கரை இருந்துச்சா, நெஞ்சுல அடைப்பு இருந்துச்சா, ஒருத்தரும் பாக்கலை. யாருமே பாக்கலை!" கண்ணீர் தாடையில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "இந்தம்மா பேர மாத்தி ஒட்டிட்டாங்கன்னு பொய் சொன்னதும் நாந்தான். அவங்க ஒட்டுனது சரிதான். குத்திப் பாருங்கம்மா. பையனுக்கு மொதல்ல குத்திப் பாருங்க!"

சின்னண்ணனின் கை தானாகக் கீழே இறங்கியது. கோகிலவாணி விரலைத் துடைத்துக் குத்தினாள். மிசினில் எண் வரவில்லை. இரண்டு எழுத்து மட்டும் வந்தது.

"இதுக்கு மேல இந்த மிசினால அளக்க முடியாதுன்னு அர்த்தமுங்க. அறுநூறையும் தாண்டியிருச்சு. ரத்தமே புளிச்சுப்போயிருக்குது, அதான் அந்த வாசம்" என்று அவள் பையை மாட்டிக்கொண்டே எழுந்தாள். "இப்பவே நாமக்கல் போவோணும். சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்க முடியாது."

"அப்பறம் கொள்ளி?" என்று யாரோ கேட்டார்கள்.

சௌந்திரம் மகனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவள் அழுகை நின்றுபோயிருந்தது. நேற்றிலிருந்து விடாமல் அழுதவள் இப்படி நிற்பதைப் பார்க்கக் குணசீலனுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, நான் வெச்சுப்போட்டே போறனே" என்று முனகினான் சிவபிரகாஷ்.

"நீ போ சாமி. உங்கப்பன் ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு" என்று அவனுடைய மொட்டைத் தலையை முந்தானையால் துடைத்துவிட்டாள். இரண்டு பேர் அவனைத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். கோகிலவாணி அவன் தலையைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். கார் வாழைத்தோப்பு வளைவில் மறையும்வரை சௌந்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் குணசீலன் பக்கம் திரும்பினாள்.

"ரத்தம் அவருக்குப் பதிலா நீங்கதான குடுத்தீங்க? கொள்ளியும் நீங்களே வெச்சிருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

சின்னண்ணன் பலகையைக் காட்டினார். குணசீலன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பையனுடைய முடி இன்னும் பலகையைச் சுற்றிக் கிடந்தது. அதன் மேலேயே அவனுடைய முடியும் விழுந்தது. மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். பெட்டியின் மூடியைத் தூக்கியபோது அண்ணன் முகத்தைப் பார்த்தான். உதட்டோரம் எப்போதும் போலக் கொஞ்சம் கோணியிருந்தது. "எல்லாம் ஒரே ரத்தந்தான்னு சொன்னயே, இப்பப் பாத்தயா?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது சௌந்திரம் எதிரே வந்தாள். லேமினேஷன் தாளை அவன் கையில் திணித்தாள்.

"இது உங்களோடது. என்ற ஊட்டுல வேண்டாம்."

வைத்துக்கொள்ளச் சட்டை இல்லை. வேட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தான். நடக்க நடக்க அதன் முனை வயிற்றில் குத்தியது.

காவிரிக் கரையில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். தோளில் மண்குடத்தோடு மூன்று சுற்று வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் சின்னண்ணன் அரிவாள் முனையால் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருப்பு வைத்தான். பையன் வைக்க வேண்டியது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. "திரும்பிப் பாக்காம நடப்பா" என்றார் சின்னண்ணன். அவர் குரலில் வாசலில் இருந்த அதட்டல் இல்லை.

ஆற்றில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டான். நான்காவதாகவும் ஒன்று போட்டு, தண்ணீருக்குள்ளேயே வாய் விட்டு அழுதான். எழுந்தபோது கரையிலிருந்து அவனுடைய ஃபோனை ஒருவன் ஆட்டிக் காட்டினான். ஈரக் கையோடு வாங்கிக் காதில் வைத்தான். கோகிலவாணிதான்.

"அட்மிட் பண்ணிட்டாங்க சார். ட்ரிப்ஸ் ஏறுது, இன்சுலின் போவுது. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தாக் கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. இப்பக் கண்ணத் தொறந்து, அப்பாவ எடுத்தாச்சான்னு கேட்டாரு."

"எடுத்தாச்சுன்னு சொல்லுங்க" என்றான்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அப்போ உங்கண்ணனோட ரத்தம் எங்ககிட்ட ஒரு சொட்டுக்கூட இல்லீங்க. வம்சத் தாள்ல அவரோட கட்டத்துல நான் என்ன எழுதறது?"

குணசீலன் கரைக்குத் திரும்பாமல் ஆற்றையே பார்த்தான். முதுகுக்குப் பின்னால் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. "ஒரு கோடு மட்டும் போட்டுக்கங்க" என்றான்.

ஃபோனைக் கொடுத்துவிட்டு வேட்டியைப் பிழியக் குனிந்தபோதுதான் இடுப்பில் அந்தத் தாள் தட்டுப்பட்டது. நெருப்பில் போட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவன் மறந்துவிட்டான். எடுத்து உதறினான். பிளாஸ்டிக் மேலே இருந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. கருப்பண்ணன், வயது ஐம்பத்து மூன்று. வெறும் வயிற்றில் எண்பத்தெட்டு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு படியேறினான்.